புகையை எரிக்கத் தெரிந்தவர்கள்

பாலக்காட்டு மாவட்டத்து நல்லேப்பிள்ளியில் ஒரு வீட்டின் அடுப்புத் திறமையை எடைபோட உள்ளே போக வேண்டியதில்லை. ஓட்டுக்கு மேலே தலைநீட்டும் புகைபோக்கியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பற்றவைக்கும்போது கொஞ்சம் புகை வரத்தான் செய்யும்; அதைப் பெரிதுபடுத்தக் கூடாது. உலை கொதித்த பிறகும் புகை சுருண்டு சுருண்டு வந்தால் அந்த வீட்டு விறகின் சத்து வானத்துக்குப் போகிறது. உலை தளதளக்கும் நேரத்தில் குழாய் வாயில் வெறும் அனல் மட்டும் நடுங்கினால், உள்ளே ஒரு கைதேர்ந்தவர் இருக்கிறார்.

விறகு நேராக எரிவதில்லை. சூடேறியதும் அதன் உலர்ந்த எடையில் முக்கால் பங்கு வாயுவாகப் பிரிகிறது. நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். மிச்சம் கரியாகிக் கங்காக நிற்கும். ஆகவே புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. அதை எரிக்கக் காற்றும் வேண்டும், ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடும் வேண்டும்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் அடுப்புகள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டன. தேன்கூடுபோல் துளையிட்ட பீங்கான் கட்டியில் பல்லேடியமோ பிளாட்டினமோ பூசிப் புகையின் வழியில் வைத்தார்கள். அந்த வினையூக்கியைத் தொடும் புகை 250, 300 டிகிரியிலேயே எரிந்துவிடும். அமெரிக்க அரசு 1988-இல் விறகடுப்புப் புகைக்கு வரம்பு விதித்தபோது இவ்வகை அடுப்புகளுக்கு மதிப்பு கூடியது. ஆனால் விலையுயர்ந்த அந்த உலோகமும் தானாக வேலை செய்யாது. அடுப்பு நன்றாகச் சூடேறும்வரை மாற்றுவழித் தகட்டைத் திறந்து வைக்க வேண்டும். பிறகுதான் புகையை வினையூக்கிக்குள் திருப்பலாம். ஈர விறகும் சாயம் பூசிய பலகையும் பிளாஸ்டிக்கும் ஆகவே ஆகாது. துளைகளில் சாம்பல் அடைந்தால் துடைத்துவிட வேண்டும். பல்லேடியம் இருந்தும் பக்குவம் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார்.

நம் பக்கத்துப் புகையில்லா அடுப்பில் பல்லேடியம் கிடையாது, பக்குவம் மட்டும்தான். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980களில் மேம்படுத்திய அடுப்பை வீடுவீடாகக் கொண்டுபோனது. பாலக்காட்டை அடுத்த முண்டூரில் 1987-இல் அமைந்த அதன் ஊரகத் தொழில்நுட்ப மையம் அந்த வேலையைத் தொடர்ந்தது. ஊர்க்காரர்களுக்கு அது 'பரிஷத் அடுப்பு'. முதல் வாயில் தீ, அடுத்த வாயில் அது விட்டுப்போகும் சூடு, கடைசியில் புகைபோக்கி. மிஞ்சும் சூட்டில் இன்னொரு பாத்திரம் வைப்பது நம் கொடியடுப்புக்கு முன்பே தெரிந்த வித்தைதான். புகையை வீட்டுக்கு வெளியே இழுப்பதும், காற்றை அளந்து விடுவதும் புதிதாகச் சேர்ந்தவை.

இந்த அடுப்பை ஆள்பவரின் ரசனை விறகுக் கொட்டகையில் தொடங்குகிறது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கும் செலவைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு: தீயின் சூடு இறங்கிப் புகை எரியாமல் போவது. இங்கே இயற்கை கைகொடுக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட கிழக்குக் காற்றில் பிளந்து அடுக்கிய புளிய விறகு நன்றாகக் காயும். இரண்டு துண்டுகளை மோதினால் 'டங்'கென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அடுத்தது அடுக்கும் முறை. பன்னாடையும் ஈர்க்கும் பற்ற, தென்னை மட்டை சுடர் கிளப்ப, புளி நின்று எரிய. சிரட்டை வேகமானது, ஒன்றிரண்டு போட்டால் தீ துள்ளும், அள்ளிப் போட்டால் கரும்புகைதான். விறகைத் திணிக்காமல் சுடர் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடும் அளவுக்குத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். "அடுப்பு வாயை அடைச்சு வெக்காதம்மா, காத்துப் போகட்டும்" என்று மாமியார் மருமகளிடம் சொல்வதில் எரிதலின் பாடம் முழுதும் அடங்கிவிடுகிறது.

ஆனால் காற்று மிகுந்தாலும் கேடு. கணவாய்க் காற்று ஓங்கி அடிக்கும் நாளில் புகைபோக்கி வெறிபிடித்து இழுக்கும். பாத்திரத்துக்குப் போக வேண்டிய சூடு மேலே ஓடிவிடும். அனுபவசாலி அப்போது ஓட்டுச்சில்லு ஒன்றை அடுப்பு வாயில் சாய்த்து வழியைக் குறுக்குவார். காற்று தணிந்ததும் அதை நகர்த்துவார். அந்தச் சில்லு நகரும் தூரத்தில் அவர் திறமையை அளக்கலாம்.

இத்தனையும் சோதனைக்கு வருவது பாலக்காட்டு மட்ட அரிசியில். தவிடு ஒட்டிய அந்தத் தடித்த புழுங்கல் அரிசி சீக்கிரம் வேகாது. கொதிக்கும்வரை சுடர், கொதித்த பின் கங்கு என்று தீ தாழ வேண்டும். சரியான நேரத்தில் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டால் கங்கே சோற்றை முடித்துவிடும். கொடிவாயில் அதற்குள் குழம்போ வெந்நீரோ தயாராகும். சமையலறையில் எரிவாயு வந்த வீடுகளிலும் சோற்றுக்கும் குளிக்கும் தண்ணீருக்கும் பின்கட்டு அடுப்பை விடாதவர்கள் இருப்பது இந்தக் கணக்கால்தான்.

வேலை முடிந்ததும் சான்றுகளைப் பார்க்கலாம். பாத்திரத்தின் அடியில் பிசுக்கான தார் இருந்தால் ஈரம்; உலர்ந்த மெல்லிய கரி என்றால் பரவாயில்லை. சாம்பல் வெளுத்து மென்மையாக இருந்தால் முழுமையாக எரிந்திருக்கிறது. கருந்துண்டுகள் கிடந்தால் கங்குக்குக் காற்றுப் போதவில்லை.

நல்ல அடுப்பைப் பொறியாளர்கள் வடிவமைத்துத் தரலாம். அதில் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஈரம் எது, காய்ந்தது எது, எப்போது தள்ள, எப்போது இழுக்க என்று தெரிந்த கை மீதியை முடிக்கிறது. அந்தக் கையை நாம் சமையலின் கணக்கில் மட்டும் எழுதி வந்திருக்கிறோம். கொல்லனுக்கும் குயவனுக்கும் தரும் மரியாதை தீயை ஆளும் இவர்களுக்கும் சேர வேண்டியது.