கொல்வாரும் கொள்வாரும்

புலால் மறுத்தல் பற்றித் தமிழில் எழுந்த ஆராய்ச்சியுரைகளுட் பெரும்பாலன உண்கலத்தின் அளவிலேயே நின்றுவிடுகின்றன. ஓருயிர் கொல்லப்பட்ட பின்னர் அதன் ஊன் ஒரு வழியும் தோல் ஒரு வழியுமாகச் செல்கின்றன. ஊன் சென்ற வழியை நம் அறநூல்களும் உரைகளும் நுணுகி ஆராய்ந்தன. தோல் சென்ற வழியை வினவினார் அரியர். திருக்குறளின் 26ஆம் அதிகாரத்து 256ஆம் குறளில் அமைந்த வாதம் ஊனுக்கு மட்டும் உரியதா, தோலுக்கும் செல்லுமா, செல்லுமாயின் குற்றம் யார்மேல் நிற்கும் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவை ஏட்டோடு நிறுத்த வொண்ணாதபடி செய்யும் நிலப்பகுதி ஒன்று தமிழகத்தில் உண்டு. வேலூரினின்று ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையடியில், அமிர்தி என்னும் காட்டூர் உளது. அங்கு 1967ஆம் ஆண்டு தொடங்கிய உயிரியல் பூங்காவிற்குப் பள்ளிப்பிள்ளைகள் சென்று மானைக் கண்டு மகிழ்ந்து மீள்கின்றனர். 2019இல் மூன்றாகப் பிரிக்கப்பெற்ற பழைய வேலூர் மாவட்டத்தில் அமிர்தியோடு ஒருங்கிருந்த ஊர்களே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என்பன. ஆங்கே தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் பல்லாயிரவர்க்குப் பிழைப்பு. மானுக்கு இரங்கிய கண், வீடு திரும்பும் வழியில் உப்பிட்டு அடுக்கிய தோற்கட்டுகளைக் காணினும் ஒன்றும் நினைப்பதில்லை. கண்ணின் குற்றம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. நம் இலக்கிய மரபும் அவ்வாறே பழகியுள்ளது.

தோல் பண்டைத் தமிழர் வாழ்விலும் பாட்டிலும் நீங்காத பொருள். புலியொடு பொருது வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாது போர்த்தனர் முரசுக்கு. யாழின் பத்தலும் தோற்போர்வை பெற்றது. தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், ஆயனின் அடியிற் செருப்பு அழுத்திய வடுவைப் புலவர் கண்டு கூறுகின்றார். தோல் என்பது கேடயத்திற்கும் பெயர். தொல்காப்பியர் செய்யுளியலிற் கூறும் எண்வகை வனப்பினுள் ஒன்றற்கும் அதுவே பெயர். திருக்குறளில், அன்பிலார் உடம்பைக் கூறும் 80ஆம் குறளிலும், புலித்தோல் போர்த்த ஆவினை உவமை காட்டும் 273ஆம் குறளிலும் இச்சொல் வருகின்றது. 1043ஆம் குறளில் வேறு பொருளில் வருகின்றது. ஆயின், புலால் மறுத்தல், கொல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களின் இருபது குறளிலும் இச்சொல் இல்லை.

இன்னும் ஒன்று கூறுதல் வேண்டும். ஊனை முற்றத் துறந்த தவத்தோர் மான்தோலின்மீது அமர்ந்தனர். புலித்தோல் இறைவன் உடையாயிற்று. ஊன் தீட்டு, தோல் தூய்து என்னும் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என உரையாசிரியர் எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. 1944இல் இங்கிலாந்தில் தோன்றிய வீகன் கழகத்தார் ஊனோடு பாலையும் முட்டையையும் விலக்கியதன்றிப் பின்னர்த் தோலையும் விலக்கப்படும் பொருளாகக் கொண்டனர். அவர் கொள்கையை நாம் ஏற்கினும் மறுப்பினும், ஓருயிரின் உடம்பை உண்பொருள் என்றும் உடைப்பொருள் என்றும் பகுத்து ஒருபாற்கு மட்டும் அறம் கூறுதல் ஏன் என்னும் அவர் கேள்வி நம் மரபினர்க்கும் உரிய கேள்வியே.

இனி 256ஆம் குறளுக்கு வருவோம். உலகத்தார் தின்னும்பொருட்டுக் கொல்லுதலை ஒழிவாராயின், விலையின்பொருட்டு ஊன் விற்பாரும் இலராவர் என்பது அதன் கருத்து. கொலையைப் பிறர்மேல் ஏற்றிவிட்டுத் தாம் உண்பார்க்கு மறுப்பாக இஃது எழுந்தது என்பது உரைமரபு. இதன் தருக்கம் ஏனைய ஒன்பது குறளினின்றும் வேறுபட்டது. ஏனையவற்றுட் சில அருள் கெடும் என்பன. ஒன்று நரகு கூறுவது. ஒன்று, புலால் பிறிதோர் உயிரின் புண் என்று உணர்த்துவது. இஃதொன்றே அங்காடியின் உள்ளே நின்று பேசுகின்றது. வாங்குவார் இன்றி விற்பார் இல்லை. விற்பார் இன்றித் தொழிலாகக் கொல்வார் இல்லை. பாவ புண்ணியம் என்னும் சொற்கள் இல்லாமலேயே வாதம் முற்றுப்பெறுகின்றது.

இதனோடு மனுநூலின் ஐந்தாம் இயலில் உள்ள ஒரு பட்டியலை ஒப்பிட்டுக் காணல் தகும். கொலைக்கு உடன்படுவார், துண்டிப்பார், கொல்வார், வாங்குவார், விற்பார், சமைப்பார், பரிமாறுவார், உண்பார் என எண்மரையும் அது கொலைஞர் என ஒருங்கே வைக்கின்றது. எண்மர்க்கும் பங்கிட்ட குற்றம் ஈற்றில் எவர்மேலும் நில்லாது. நின்றால் எளியவர்மேல் நிற்கும். வள்ளுவர் பட்டியலிடாமல், ஒருவர் செயல் மற்றொருவர் செயலுக்குக் காரணமாகும் முறையைக் காட்டினார். காரணத்தின் தலையில் இருப்பவர் கொள்வார். இவ்வேறுபாடு நம் ஆராய்ச்சியிற் போதிய அளவு எடுத்துக்காட்டப்படாதது என்பது எம் கருத்து.

ஈண்டு ஒரு தடை எழும். புலால் மறுத்தல் துறவறவியலிற் கிடக்கின்றது. பரிமேலழகர் அதனை விரதங்களுள் ஒன்றாக வைத்தார். ஆகலின் இல்லறத்தார்க்கு அது கட்டளையன்று என்பர். இயல் வைப்பை யாமும் மறுக்கவில்லை. குற்றம் நீங்கிய காட்சியாரைக் கூறும் 258ஆம் குறள் துறந்தாரை நோக்கியதாகலாம். எனினும், 252இல் பொருளைப் பேணிக் காவாதார் உவமையாகின்றனர். 259இல் வேள்வியொடு ஒப்பீடு நிகழ்கின்றது. பொருளைப் பேணுதலும் வேள்வி செய்தலும் இல்லறத்தான் தொழில். 256இலோ எழுவாயாக நிற்பது உலகு. துறந்தார் சிலர் வாங்காமையால் இறைச்சிக் கடை மூடப்படுமா? உலகத்தாரை நோக்கினாலன்றி அவ்வாதம் பயன்படாது. துறவறவியலின் நடுவே நின்றுகொண்டு சந்தைக்கு வந்த குடிமகனோடு பேசும் குறள் இது எனலாம்.

இப்பகுதிக்கு இவ்வாதம் புதியதன்று. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் உள்ளன. பொன்னையாற்றை அடுத்த வள்ளிமலையிலும், போளூரை அடுத்த திருமலையிலும் சமணர் உறைவிடங்கள் இருந்தன. உயிர்க்கொலை மறுத்த மலைகளின் காலடியிலேயே இன்றைய தோற்றொழில் நடக்கின்றது. சமண நூலாகிய நீலகேசி காளி கோயிற் பலியை முனிச்சந்திரர் தடுத்தலில் தொடங்குகின்றது. பௌத்தரொடு நிகழும் வாதத்தில், தாம் கொல்லாமையால் ஊனுண்டல் குற்றமன்று என்பாரை அந்நூல் கடுமையாகத் தாக்குகின்றது. சக்கரவர்த்தி நயினார் 1936இல் சமயதிவாகர உரையொடு அதனைப் பதிப்பித்தமையால் அவ்வழக்கை நாம் முழுதும் அறிய முடிகின்றது. ஒரு சார்பு நூல் ஆதலின் எதிரியின் வாயில் அது வைக்கும் சொற்களை முற்றும் நம்புதல் கூடாது என்பதையும் உடன் கூறிவிடுகின்றோம்.

எதிர்ப்பக்கத்திற்கு மணிமேகலையைக் காணல் வேண்டும். வேள்விச் சாலையினின்று ஆவினை இரவில் மீட்ட ஆபுத்திரனை எல்லாரும் அறிவர். சாதுவன் வரலாறு அத்துணைப் பேசப்படுவதில்லை. கடல்வாய்ப்பட்டு நாகர் மலையை அடைந்த அவன், ஊனுண்டு வாழும் நாகர் தலைவன் தமக்கு இயன்ற அறம் யாது என வினவியபோது, மூத்துத் தாமே இறக்கும் விலங்கல்லாத பிறவுயிரைக் கொல்லுதலை விடுமாறு கூறினான். உண்ணற்க எனக் கட்டளையிடவில்லை. வாழ்க்கை முறையை நோக்கி அறத்திற்கு ஒரு படி அமைத்தான். காந்தியடிகள் சபர்மதியிலும் வார்தாவிலும் தாமே இறந்த கால்நடையின் தோலைப் பதனிடும் முயற்சியை வளர்த்தமை இப்படியைச் சார்ந்ததே. தோலைப் பற்றிய அறம் எனத் தமிழ்க் காப்பியத்தினின்று நேரே பெறத்தக்கது ஒன்று உண்டாயின், சாதுவன் கூற்றே அது.

எம் வகுப்பில் இவ்வதிகாரம் நடந்தபொழுது, பதனிடுசாலைத் தொழிலாளி ஒருவரின் மகளாகிய மாணாக்கி, "ஐயா, எங்கப்பா கொல்வாரா, விற்பாரா, கொள்வாரா?" என வினவினார். மூவருள் எவரும் அல்லர். மனுநூலின் எண்மருள்ளும் அவர் இல்லை. பிறர் கொன்றதன் தோலை, பிறர் அணிதற்காக, கூலிக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் நீக்குபவர் அவர். ஆயினும், நூல்கள் சுட்டாத அவர்மேலேயே உலகியலில் இழிவு வந்து படிந்தது. தோற்றொழில் செய்வாரை ஊர்ப்புறத்தில் வைத்த சாதி முறை, தோற்செருப்பை ஊர்நடுவில் அணிந்து நடந்தது. புலால் மறுத்தலைச் சாதி உயர்வின் அடையாளமாக்கிக் கொண்டோர் அதனால் அதிகாரத்தின் பொருளையே திரித்தனர். கொல்லாமையைப் பரப்ப விழைவோர் இன்றும் முதலிற் சுட்டுவிரல் நீட்டுவது கசாப்புக் கடையை நோக்கியும் பதனிடுசாலையை நோக்கியுமே. 256ஆம் குறளைப் படித்தவர்க்கு அஃது ஒவ்வாது. விரல் முதலில் வாங்குவார் பக்கம் திரும்புதல் வேண்டும்.

அவ்வாங்குவாருள் நாமும் அடங்குவோம். தோல் வணிகரும் கொடையாளருமாகிய சி. அப்துல் ஹக்கீம் பெயரால் மேல்விசாரத்தில் 1965இல் எழுந்த கல்லூரியில் தமிழும் கற்பிக்கப்படுகின்றது. இப்பகுதித் தமிழ்க் கல்வி தோற்செல்வத்தால் வளர்ந்ததை மறைத்து எழுதும் ஆராய்ச்சி நேர்மையுடையதன்று.

தோல் ஊனின் துணைப்பொருள்தானே. தோலுக்காக எவரும் கொல்வதில்லை. ஆதலின் குறளின் வாதம் தோலுக்குச் செல்லாது எனின், அத்தடை ஓரளவு வலிமையுடையது. தோலை மறுத்தார் எனினும் ஊனுண்பார் உள்ளவரை ஆடு கொல்லப்படும். ஆயினும், விற்பார் பெறும் விலையில் தோலின் பங்கும் ஒன்று. அப்பங்கு குறையின் ஊன் விற்பார்க்கு வரவு குறையும். ஆகவே வாதம் முழு வலிமையொடு செல்லாவிடினும் வலிமை குறைந்து செல்லும். சிறிய காரணத்தைக் காரணமே அன்று எனத் தள்ளுதல் தருக்க நூலார்க்கு உடன்பாடன்று.

பதனிடுதலால் வரும் கேட்டிலோ, தோல் கொள்வாரே முதற்காரணம். அங்கே ஊனுண்பார்மேல் பழி போட இடமில்லை. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். மடலேறும் தலைவன் சூடிய ஆவிரையின் பட்டைதான் அது. குரோம் முறை பரவிய பின்னர்ப் பாலாற்றின் நிலை மாறியது. 1991இல் தொடுக்கப்பெற்ற பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதும், வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டவாறு ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதுமோ பயிர்க்கு உதவாமற் போனதும் அத்தீர்ப்பிற் கூறப்பட்டுள்ளன. கேடு செய்தாரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு ஏற்றது. பதனிடுசாலை ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. 2015 சனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் இறந்தனர். 2025 சனவரி 30ஆம் நாளும் பாலாற்று மாசு பற்றி அந்நீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது.

வள்ளுவர் சுற்றுச்சூழலைப் பாடினார் என்று இதனைக் கொண்டு கூறத் துணிவார் உளர். யாம் அவ்வாறு கூறோம். நூலில் இல்லாததை நூலின்மேல் ஏற்றுதல் திறனாய்வன்று. குறளினின்று நாம் கொள்வது பொறுப்பைத் தேடும் முறை மட்டுமே. தீர்ப்பின் நெறி கேடு செய்தாரைப் பதனிடுசாலையில் தேடிக் கண்டது; குறளின் முறை அதற்கு அப்பாலும் சென்று, ஆம்பூரில் தைத்த காலணியை அயல்நாட்டுக் கடையில் வாங்குவான் வரை தேடும். இவ்விரண்டும் முரணுவன அல்ல. முன்னது நிற்குமிடத்திற்கு அப்பால் பின்னது தொடர்கின்றது.

இறுதியாக, ஊனுக்கும் தோலுக்கும் இக்காலத்து மாற்றாக வருவனவற்றைப் பற்றி நம் காப்பியங்களுள் ஒரு கருத்து வேற்றுமை கிடக்கின்றது. நீலகேசியில் முனிவர், உயிருள்ள ஆட்டிற்கு ஈடாக மண்ணாற் செய்த உருவைப் படைக்கச் சொல்கின்றார். மாற்றுப்பொருள் அங்கே அறமாகின்றது. யசோதர காவியத்திலோ, மாவினாற் செய்த கோழியை வெட்டிய அரசனும் அவன் தாயும் பிறவிதோறும் விலங்காய் உழல்கின்றனர். கொல்லும் எண்ணத்தொடு வெட்டியதால் மாக்கோழியும் கொலையாயிற்று. இரண்டும் சமண நூல்களே. சோயாவினால் இறைச்சிச் சுவை தோன்றச் செய்த உணவை உண்பார் மண்ணாட்டைப் படைத்தவரா, மாக்கோழியை வெட்டியவரா என்பதும், பாலாற்றைக் காக்கும் பொருட்டு நெகிழியினாற் செய்த போலித் தோலை அணிவார் மற்றோர் ஆற்றைக் கெடுப்பாரா என்பதும் இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் பயில்வார் ஆராயத்தக்கன. எண்ணத்தை அளவுகோலாகக் கொள்ளும் யசோதர காவியத்தினும், செயலின் பயனை நோக்கும் நீலகேசியின் தொடக்கமே 256ஆம் குறளுக்கு அணுக்கமானது என்பது எம் துணிபு. அக்குறளும், வாங்குவானின் நெஞ்சில் இருப்பது யாது என்று கேட்கவில்லை. அவன் வாங்குதலால் நிகழ்வது யாது என்றே கேட்கின்றது.