முகமுள்ள இஞ்சின்களும் முகமற்ற மனிதர்களும்

குழந்தைகள் பார்த்து மகிழும் படத்தொடர் ஒன்றில் வர்க்க உறவுகளைத் தேடுவது வேண்டாத வேலை என்று வாசகர்களில் சிலர் கருதக்கூடும். பிள்ளையின் பால் கிண்ணத்தில் அரசியலைக் கலப்பானேன் என்று கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், தமக்கென எழுதப்படும் கதையைப் பெரியவர்கள் ஐயத்தோடு படிக்கிறார்கள். பிள்ளைகளோ ஐயமின்றிப் பார்க்கிறார்கள். ஐயமின்றி ஏற்கப்படுவது எதுவோ, அதைக் கூர்ந்து நோக்குவது பெற்றோர் கடன். அதற்கு மார்க்சியத் திறனாய்வு மூன்று கேள்விகளைத் தருகிறது. உழைப்பவர் யார்? உடைமையாளர் யார்? விளைவு யாருக்குப் போய்ச் சேருகிறது? இக்கேள்விகளைக் கேட்பதற்காக அக்கொள்கை முழுவதையும் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. நல்ல கருவியை அடுத்த வீட்டிலிருந்தும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

நாம் எடுத்துக்கொண்டிருப்பது 'தாமஸ்' என்னும் நீல நிற ரயில் இஞ்சினின் கதை. இங்கிலாந்தின் கிறித்தவ மதகுரு வில்பர்ட் ஆட்ரி, மணல்வாரி அம்மையில் கிடந்த தம் மகனுக்குச் சொன்ன கதைகளிலிருந்து இது பிறந்தது. முதல் நூல் 1945இல் வெளிவந்தது. 1972 வரை அவர் எழுதியவை 26 நூல்கள். 1984இல் பிரிட் ஆல்கிராஃப்ட் என்ற பெண்மணி இவற்றைத் தொலைக்காட்சித் தொடராக்கினார். தொடக்கத்தில் பொம்மை ரயில்களை ஓட விட்டு எடுக்கப்பட்ட தொடர், பின்னர்க் கணினிச் சித்திரமாக மாறியது. 2021இல் கோட்டோவியக் கார்ட்டூனாகவும் புதுவடிவம் பெற்றது. உலகெங்கும் பல தலைமுறைக் குழந்தைகள் இதனோடு வளர்ந்திருக்கிறார்கள்.

கதை நிகழ்வது 'சோடர்' என்னும் கற்பனைத் தீவில். அங்கே இஞ்சின்களுக்கு முகமுண்டு, பெயருண்டு, கோபதாபமுண்டு. அவற்றுக்கு மேலே கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்த சர் டாபம் ஹாட் என்னும் பருத்த அதிகாரி இருக்கிறார். கீழே படிப்படியாக ஓர் ஏணி. விரைவு ரயிலை இழுக்கும் கோர்டன் மேல்படியில். ஊழியம் செய்யும் சிறு இஞ்சின்கள் நடுவில். அடிப்படியில் சரக்கு வேகன்கள். வேகன்களுக்கு முகம் உண்டு. பெயர் பெரும்பாலும் இல்லை. அவை கூட்டமாகப் பாடும், கூட்டமாக முரண்டு பிடிக்கும், இஞ்சினைத் தள்ளிக் கவிழ்க்கும். அவற்றுக்கு ஏதேனும் குறை இருக்குமோ என்று கதை கேட்பதில்லை. கண்டிப்பும் இடியும்தான் அவற்றுக்கேற்ற மருந்து என்று சொல்லி முடித்துவிடுகிறது. அடித்தட்டு மக்களை மேல்தட்டார் எக்காலத்தும் எவ்விதம் பார்த்தனரோ, அப்பார்வையே இங்கு வேகன்களின் மீது படிந்திருக்கிறது.

ஆனால் இந்த ஏணியைவிட ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நீராவி இஞ்சின் தானாக ஓடாது. ஒருவர் ஓட்ட வேண்டும். ஒருவர் அனற்கதவைத் திறந்து நாள் முழுதும் கரி அள்ளிப் போட வேண்டும். கதையிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் பெரும்பாலும் 'ஓட்டுநர்' என்றும் 'ஃபயர்மேன்' என்றும் மட்டுமே அறியப்படுகிறார்கள். இரும்புக்குப் பெயரும் முகமும் உண்டு; இரும்பை இயக்கும் மனிதனுக்கு இல்லை. மனிதர்க்கிடையிலான உறவு, பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிப்பதைக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதல் இயலிலேயே பண்ட மாயை என்று விளக்கினார். கடினமான கருத்து என்று பலர் ஒதுக்கிவைக்கும் அதனை, சோடர் தீவு ஐந்து வயதுப் பிள்ளைக்கும் கண்கூடாகக் காட்டிவிடுகிறது! வியர்வை சிந்தியவன் மறைந்துபோகிறான். புகை விட்ட இயந்திரம் பாராட்டைப் பெறுகிறது.

முதல் நூலில் ஹென்றி என்ற இஞ்சினின் கதை வருகிறது. மழையில் நனைந்தால் பச்சை வண்ணம் கெடுமென்று அது சுரங்கவழியை விட்டு வெளிவர மறுக்கிறது. பயணிகளைக் கயிறு பிடித்து இழுக்கச் சொல்கிறார் அதிகாரி. தாம் இழுக்கலாகாது என்று மருத்துவர் தடுத்திருப்பதாகக் கூறி ஒதுங்கிக்கொள்கிறார். ஆட்ரி இதை நகைச்சுவைக்காகவே எழுதினார். ஆனால் கட்டளையிடும் வர்க்கத்துக்கும் கை நோகும் வர்க்கத்துக்கும் உள்ள தொலைவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. இறுதியில் ஹென்றியைச் சுரங்கத்துக்குள்ளேயே விட்டுச் சுவரெழுப்பி விடுகிறார்கள். பிற்பாடு விடுதலை கிடைக்கிறது. இரக்கத்தால் அன்று, கோர்டன் பழுதுபட்டு வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால்.

1950இல் வந்த ஐந்தாம் நூலில் வேலைநிறுத்தமே நிகழ்கிறது. தொலைக்காட்சியிலும் அது முதல் பருவத்திலேயே இடம்பெற்றது. முன்பு பயணப் பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்த தாமஸ் தனிக் கிளைப்பாதைக்குப் போய்விட்டதால், பெரிய இஞ்சின்கள் தத்தம் பெட்டிகளைத் தாமே கொண்டுவர நேர்கிறது. அது தம் தகுதிக்குக் குறைவு என்று மூன்று இஞ்சின்கள் பணி செய்ய மறுக்கின்றன. அதிகாரி பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. கடைக்குப் போய்ப் பெர்சி என்ற சிறு இஞ்சினை வாங்கி வருகிறார். மூன்றையும் ஷெட்டில் பூட்டி வைக்கிறார். எட்வர்ட், தாமஸ், பெர்சி ஆகியோரைக் கொண்டு ரயிலை நடத்துகிறார். வருந்தித் திருந்திய பிறகே மூன்றுக்கும் கதவு திறக்கிறது. புதிய ஆளைக் கொண்டுவந்து போராட்டத்தை முறிக்கும் பழைய தந்திரம், இங்கே ஒரு சுட்டிக் குழந்தையின் வருகையாக இனிமை பூசிக் காட்டப்படுகிறது.

ஆட்ரி முற்றிலும் பொய் சொன்னார் என்று கூறுவதற்கில்லை. தேர்ந்த தொழிலாளர் தமக்குக் கீழுள்ளவரோடு ஒன்றாமல் தம் மேன்மையைக் காக்க முனைவதை ஏங்கெல்ஸும் இங்கிலாந்தில் கண்டு சுட்டியிருக்கிறார். 1955 மே 28 முதல் ஜூன் 14 வரை பிரிட்டனின் இஞ்சின் ஓட்டுநர்களும் ஃபயர்மேன்களும் நடத்திய வேலைநிறுத்தத்திலும், தம் ஊதியத்துக்கும் ஏனையோர் ஊதியத்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் காப்பதே முக்கியக் கோரிக்கை. ஆனால் அம்மனிதர்களுக்கு வீட்டு வாடகை இருந்தது, பசிக்கும் பிள்ளைகள் இருந்தனர். இஞ்சினுக்கோ கூலியே கிடையாது. போராட்டத்திலிருந்து கூலியை நீக்கிவிட்டால் எஞ்சுவது வீம்பு மட்டுமே. கதை செய்வது இந்த நீக்கத்தைத்தான்.

உடைமை பற்றியும் ஒரு சுவையான செய்தி உண்டு. 1948 ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் ரயில்வே நாட்டுடைமையாயிற்று. அதற்கேற்பக் கதையிலும் 'டைரக்டர்' அவ்வாண்டு முதல் 'கண்ட்ரோலர்' ஆனார். பதவியின் பெயர் மாறிற்று; தொப்பி மாறவில்லை, தோரணை மாறவில்லை, ஷெட்டில் பூட்டும் அதிகாரமும் மாறவில்லை. நாட்டுடைமை என்பது தொழிலாளர்க்கு எவ்வளவு மாற்றத்தைத் தந்தது என்ற விவாதத்தில், இந்தச் சிறுவர் நூல் தன்னையறியாமலே ஒரு சாட்சியம் அளித்துவிட்டது.

சாட்சியம் இன்னொன்றும் உண்டு; அதற்காகவே ஆட்ரியை நாம் மதிக்கிறோம். 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவி ஓட்டம் முடிவுற்றது. அதே ஆண்டு வந்த நூலில், பழைய இரும்பாக உடைக்கப்பட இருந்த ஆலிவர் என்ற இஞ்சின் தப்பியோடுகிறது. டக்ளஸ் என்ற மற்றோர் இஞ்சின், காவலைக் கடந்து அதனை இழுத்துக்கொண்டு வந்து காப்பாற்றுகிறது. இங்கே கட்டளையில்லை, போட்டியில்லை. அஞ்சி நிற்பவனுக்கு அவனைப் போன்ற இன்னொருவன் கைகொடுக்கிறான். தொடர் முழுவதிலும் தோழமை உண்மையாக ஒலிக்கும் இடம் இதுவே. வேலை போனால் வாழ்வே போய்விடும் என்ற அச்சத்தை இக்கதை ஒளிக்கவில்லை.

இந்த அச்சத்தின் மறுபக்கமே இத்தொடரின் தாரக மந்திரம். சோடர் தீவில் கிடைக்கும் மிக உயர்ந்த பட்டம் 'உண்மையில் பயனுள்ள இஞ்சின்' என்பது. யாருக்குப் பயன் என்று எவரும் கேட்பதில்லை. கூலிக்குப் பதில் பாராட்டு. உரிமைக்குப் பதில் நற்சான்று. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்ற நெறியைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்நெறி உழைப்பாளியின் பயனைப் பேசவில்லை. அவனுக்குரிய கடனைப் பேசுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

திரைக்கு வெளியிலும் இதே மறைப்பு தொடர்கிறது. 2007 ஜூனில், தாமஸ் மரப் பொம்மைகள் சுமார் 15 லட்சம் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. சீனாவில் செய்யப்பட்ட அவற்றின் வண்ணப்பூச்சில் ஈயம் இருந்தது. வாங்கிய குழந்தைகளைப் பற்றி உலகம் கவலைப்பட்டது, கவலைப்பட வேண்டியதே. அதே வண்ணத்தை நாள்தோறும் கையாண்ட தொழிலாளரின் முகம் எவர் கண்ணிலும் படவில்லை. 2016இல் வந்த திரைப்படத்தில் நம் நீலகிரி மலை ரயிலின் சாயலில் 'அஷிமா' என்ற இஞ்சினும் சோடருக்குப் போய்ச் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் 1908இல் உதகை வரை எட்டிய அம்மலைப் பாதைக்காகப் பாறை பிளந்தவர்களுக்கு அங்கேயும் இடமில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாகாது என்கிறோமா? அல்ல. தடுக்கப்பட்ட கதை இரு மடங்கு இனிக்கும். அருகில் அமர்ந்து பாருங்கள் என்கிறோம். கரி அள்ளும் அந்த மாமாவின் பெயர் என்ன என்று ஒருமுறை கேளுங்கள். ஹென்றியை அடைத்தது சரியா என்று கேளுங்கள். வேகன்கள் ஏன் முரண்டு பிடித்தன என்று கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிட நேர்மையாகப் பதில் சொல்வார்கள்.

வளைகுடாவில் முப்பது ஆண்டு உழைத்து, உடல் தளர்ந்து திரும்பிய பெரியவர்கள் நம் வீட்டுத் திண்ணைகளிலும் இருக்கிறார்கள். அவர்களை மாதப் பணம் நின்றுபோன இயந்திரமாக எண்ணாமல், முகமும் பெயரும் உள்ள மனிதராக எண்ணிச் சலாம் சொல்லும் பேரப்பிள்ளை வேண்டுமாயின், மனிதனின் மதிப்பு அவன் பயனில் மட்டும் இல்லை என்று அப்பிள்ளைக்கு யாரேனும் சொல்ல வேண்டும். தாமஸ் சொல்லமாட்டான். நாம்தான் சொல்ல வேண்டும்.