எலியற்றின் நாடகமும் பெக்கற்றின் வழக்கும்

ரி. எஸ். எலியற் இயற்றிய ‘பேராலயத்திற் கொலை’ என்னும் கவிதை நாடகம் 1935ஆம் ஆண்டு கன்ரபரியில் அரங்கேறியது. 1170 திசம்பர் 29ஆந் திகதி அந்நகர்ப் பேராலயத்தில் அரசனின் வீரர் நால்வரால் வெட்டுண்டு மாண்ட அதிமேற்றிராணியார் தோமஸ் பெக்கற்றே அதன் தலைவர்.

பெக்கற் முன்னர் இரண்டாம் ஹென்றியின் மந்திரியாயும் உற்ற நண்பராயும் இருந்தவர். 1162இல் அவரை அப்பீடத்திற்கு உயர்த்தியவனும் அம்மன்னனே. குற்றம் புரிந்த குருமாரைத் தண்டிப்பது யார் என்னும் வினாவே பூசலை மூட்டியது. திருச்சபை மன்றம் கொலை செய்த குருவுக்கும் மரணதண்டனை விதிப்பதில்லை. பட்டத்தைப் பறிப்பதோடு பெரும்பாலும் அமைந்துவிடும். அங்ஙனம் பட்டமிழந்தவனை அரசமன்று தண்டித்தல் வேண்டுமென 1164இல் கிளாரெண்டனில் ஹென்றி வகுத்த விதி, கொலையுண்டவனின் சுற்றத்தார் நோக்கில் அநீதியன்று. ஒரே குற்றத்திற்கு இருமுறை தண்டனை கூடாதென்ற பெக்கற்றின் மறுப்போ எளிதில் ஒதுக்கத்தக்கதுமன்று.

இவ்வழக்கை எலியற் அரங்கிற் காட்டவில்லை. ஹென்றி மேடைக்கே வருவதில்லை. புகழை விரும்பி உயிர்ப்பலியாதல் தகுமோ என்னும் அகப்போரே அவர்க்குப் பொருள். நான்காம் சோதனைக்காரன் வரும் காட்சி அதனாலேயே நம் நெஞ்சை உலுக்குகின்றது. ஆயின் அரசன் பக்கத்து நியாயம் பேச வருவோர் யார்? கொலை செய்து முடித்த அவ்வீரரே! அதுவும் கவிதையில் அன்று, அவையோரை விளித்துப் பேசும் வெற்றுரைநடையில். குருதி தோய்ந்த வாளினர் கூறும் நியாயத்தை எவர் நிறுத்துப் பார்ப்பர்? பெக்கற்றைப் புனிதராக்கும் பணியைத் திருச்சபை 1173இலேயே முடித்துவிட்டது. மன்னனையும் நேரில் நின்று வாதாட விட்டிருப்பின், பெக்கற்றின் மறுப்பு எத்துணைக் கனமுடையதென்பதை எலியற்றின் அவையோர் உணர்ந்திருப்பர்.