முடிவைத் தேர்ந்தவர் யார்?

கதை சொல்லும் கணினி விளையாட்டுகளுக்கு இலக்கிய விமர்சனத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கதாபாத்திரத்தின் தீர்மானங்களை வாசகனிடமே ஒப்படைக்கும் ஒரு வடிவம் வந்துவிட்டது. நம் பிள்ளைகளில் பலர் அதன் வழியாகவே கதை கேட்கிறார்கள். நாவலை அளக்கும் அதே கோலால் அதனையும் அளந்து பார்ப்பதுதான் முறை என்பது என் எண்ணம்.

இந்த வடிவத்தின் பெரும் சிக்கல் முடிவில்தான் இருக்கிறது. இதற்குக் கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய 'மாஸ் எஃபெக்ட்' மிகப் பொருத்தமான உதாரணம். 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த இக்கதையை, என் மருமகனின் கணினியில் மாலை நேரங்களில் ஆடி முடித்தேன். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, முன்னேறிய நாகரிகங்களை அறுவடை செய்துபோகும் 'ரீப்பர்' என்ற இயந்திரங்களை எதிர்த்து நிற்கும் ஷெப்பர்ட் என்ற படை அதிகாரியின் கதை இது. ஷெப்பர்டின் முடிவுகளை எடுப்பவர் ஆடுபவர். முதற்பாகத்தில் எடுத்த முடிவு மூன்றாம் பாகம் வரை கூடவே வரும்.

முதற்பாகத்தில் விர்மயர் என்ற கோளில் இரு தோழர்களில் ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும். கைவிடப்பட்டவர் இறந்துபோகிறார், பிந்திய பாகங்களில் அவருடைய இடத்தில் மற்றவர் நிற்கிறார். மூன்றாம் பாகத்தில், குவேரியன் இனத்தவர் தாமே படைத்த 'கெத்' இயந்திரங்களோடு யுத்தத்தில் இருக்கிறார்கள். முன்னைய தீர்மானங்கள் உரியவாறு அமைந்திருந்தால் மட்டும் இரு தரப்பையும் சமாதானப்படுத்தலாம். அந்தச் சமாதானம் எளிதில் கிட்டுவதில்லை. கிட்டும்போது, நாமே உழைத்துப் பெற்றதாக உணர்கிறோம்.

இனி முடிவுக்கு வருவோம். குழந்தை உருவில் தோன்றும் ஒரு செயற்கை அறிவு, படைத்தவர்களும் படைக்கப்பட்ட இயந்திரங்களும் ஒருபோதும் ஒத்து வாழ முடியாது, அதனாற்றான் இந்த அறுவடை என்கிறது. ரீப்பர்களை அழிக்கலாம், கட்டுப்படுத்தலாம், உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாக்கலாம் என மூன்று வழிகளை வைக்கிறது. முதலில் வெளியான வடிவில் மூன்றின் இறுதிக் காட்சிகளும் பெரும்பாலும் ஒன்றே. சிவப்பு, நீலம், பச்சை என ஒளியின் நிறம்தான் பிரதானமாக மாறியது. கோபமுற்ற ரசிகர்கள் அந்த மூன்று நிறங்களில் சுமார் நானூறு கப்கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சுவை! இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கண்டதில்லை. அவர்களே சிறுவர் வைத்தியசாலைகளுக்கு உதவும் தொண்டு நிறுவனத்துக்கு எண்பதாயிரம் டொலருக்கு மேல் திரட்டியும் கொடுத்தார்கள்.

"இவர்களுக்கு மங்களமான முடிவுதான் வேண்டும்" என்று அன்று சிலர் கேலி செய்தார்கள். நான் இதனோடு உடன்படவில்லை. விர்மயரின் மரணத்தை ஏற்றுக்கொண்டவர்கள்தானே இவர்கள்? துயரம் அவர்களைத் துரத்தவில்லை. இயந்திரத்தோடு ஒத்து வாழ முடியாது என்று அந்தக் குழந்தை சொல்கிறபோது, கெத்களோடு சமாதானம் செய்துவைத்த ஷெப்பர்டுக்கு, 'இதோ சாட்சி' என்று காட்ட ஒரு வார்த்தை அங்கே தரப்படவில்லை. கதை தான் முன்பு சொன்னதையே மறந்துவிட்டது. குறை அங்கேதான்.

படைப்பாளிகளின் இடர்ப்பாட்டையும் சொல்லவேண்டும். இது எட்டாம் வகுப்புக் கணக்கு. இரு வழியுள்ள பத்துத் தீர்மானங்கள் 1,024 பாதைகளாகும். இருபது தீர்மானங்கள் பத்து இலட்சத்தைத் தாண்டும். அத்தனைக்கும் தனி முடிவு எழுத எவராலும் இயலாது. எனவே பிரிந்த கிளைகளை மீண்டும் ஒரே பாதையில் சேர்க்கிறார்கள். முடிவுகள் குறைவாயிருப்பதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன்.

அதே 2012இல் அமெரிக்காவின் டெல்டேல் நிறுவனம் ஐந்து அத்தியாயங்களாக வெளியிட்ட 'த வோக்கிங் டெட்' இதற்குச் சாட்சி. அதில் நாம் எதைத் தேர்ந்தாலும் நாயகன் லீ தப்புவதில்லை. ஆயினும் கடைசி அத்தியாயத்தில், சிறுமி கிளெமென்டைனைக் கடத்திய ஓர் அந்நியன் லீயை எதிரே இருத்தி விசாரிக்கிறான். காட்டில் நின்ற ஒரு வண்டியிலிருந்து லீயின் கூட்டத்தினர் எடுத்த உணவு அவனுடையது. அதில் நீ பங்குகொண்டாயா, அன்று ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். விதி மாறவில்லை, ஆனால் நம் செயல்களுக்குக் கணக்குக் கேட்கப்படுகிறது. ஆடுபவர் எதிர்பார்ப்பது அந்த விசாரணையைத்தான்.

பயோவேர் 2012 ஜூனில் விரிவாக்கிய முடிவை இலவசமாக வெளியிட்டது. மூன்று வழிகளையும் மறுக்கும் நான்காவது வழியும் அதில் உண்டு. மறுத்தால் யுத்தம் தோற்கும். ரசிகர் கூச்சலுக்குப் படைப்பாளி பணியலாமா என்ற விவாதம் எழுந்தது. 1893இல் ஷெர்லொக் ஹோம்ஸைச் சாகடித்த கொனன் டொயிலே பத்தாண்டுகளின் பின் அவரை உயிர்ப்பித்தார். இந்த இழுபறி புதிதல்ல. ஒரு முடிவைக் கைவிடாதிருக்கும் உரிமை படைப்பாளிக்கு உண்டு. ஆனால் தீர்மானத்தை வாசகனிடம் கொடுத்தவருக்கு, அதனை நினைவில் வைத்திருக்கும் கடமையும் உண்டு.

நம்முடைய சிறுகதைகளுக்கும் இது பொருந்தும். பாடசாலைப் போட்டிகளுக்கு வரும் கதைகளில், கடைசிப் பந்தியில் திடீரெனத் திருந்திவிடும் தகப்பன்மார் எத்தனை பேர்! அந்தத் தகப்பன் முன்பு செய்த எதுவும் அந்தப் பந்திக்குத் தெரிவதில்லை. புள்ளியிடும்போது நான் இப்போது ஒரு கேள்வியை முதலில் கேட்கிறேன்: முன் பக்கங்களில் நடந்ததை இந்த முடிவு வாசித்திருக்கிறதா?