ஒரே ஒருவர் ஓடிய ஆட்டம்

ஒன்பது இன்னிங்ஸ், இரண்டு அணிகள், ஒரே ஒரு ஹிட். 1965 செப்டம்பர் 9 இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தின் ஸ்கோர் அட்டை கிட்டத்தட்ட வெற்றுத்தாள். டாட்ஜர்ஸ் 1, சிகாகோ கப்ஸ் 0. ரன் வராவிட்டால் ஆட்டம் தூங்குகிறது என்று கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மில் பலர் நினைப்போம். மெய்டன் ஓவரின் ருசி தெரிந்தவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

டாட்ஜர்ஸின் பிட்சர் சாண்டி கோஃபேக்ஸ், இடக்கைக்காரர். எதிரே வந்த 27 பேரில் ஒருவரும் முதல் பேஸை மிதிக்கவில்லை. இதற்குப் பெயர் ‘பெர்ஃபெக்ட் கேம்’. புகழெல்லாம் அவருக்கே போயிற்று, நியாயம்தான். ஆனால் என் கண் போவது கப்ஸின் பிட்சர் பாப் ஹெண்ட்லி மீது. அவரும் இடக்கை. ஏழாவது இன்னிங்ஸ்வரை அவரும் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அதற்குள் ஆட்டம் கைநழுவிவிட்டது!

நடந்தது ஐந்தாவது இன்னிங்ஸில். டாட்ஜர்ஸின் லூ ஜான்சனுக்கு வாக், அதாவது அடிக்காமலே முதல் பேஸ், கிடைத்தது. அடுத்து வந்த ரான் ஃபேர்லி பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் அவுட்டாகி, ஜான்சனை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஜான்சன் மூன்றாம் பேஸைத் திருடக் கிளம்பினார். கப்ஸின் கேட்சர் கிறிஸ் க்ரக் எறிந்த பந்து பேஸைத் தாண்டி இடப்பக்கப் புல்வெளிக்கு ஓட, ஜான்சன் வீடு வந்து சேர்ந்தார்; அதுதான் அந்த ஒரே ரன். ஏழாவதில் அதே ஜான்சன் அரைகுறையாக அடித்த பந்து, முதல் பேஸுக்குப் பின்னால் ஆளில்லாத இடமாகப் பார்த்துச் சொத்தென்று விழுந்தது. அதுதான் அந்த ஒரே ஹிட். அதில் ரன் வரவில்லை. ரன் வந்தபோது ஹிட் இல்லை, ஹிட் வந்தபோது ரன் இல்லை. அன்றிரவு பேஸில் கால் வைத்த ஒரே ஆளும் அவர்தான்.

கோஃபேக்ஸின் கர்வ் பந்து தோளுயரத்தில் வருவதுபோல் வந்து முழங்காலுக்குச் சரியும். பிட்சர் நிற்கும் மேடு அந்தக் காலத்தில் 15 அங்குலம். மேலிருந்து வரும் சரிவுக்கு அதுவும் ஒத்தாசை. எட்டாவதில் கப்ஸின் சாண்டோ, எர்னி பேங்க்ஸ், பிரவுன் மூவரும் ஸ்ட்ரைக் அவுட். ஒன்பதாவதிலும் மூவர். கடைசி ஆறு பேரில் யாரும் பந்தைக் களத்துக்குள் அடிக்கவில்லை. மொத்தம் 14 ஸ்ட்ரைக் அவுட்.

வானொலியில் வர்ணித்த வின் ஸ்கல்லியின் கண்ணைச் சொல்ல வேண்டும். கடைசி பேட்டர் ஹார்வி கூனுக்கு எறிந்த ஒரு பந்தில் கோஃபேக்ஸ் உடம்பையே கூடச் சேர்த்து வீசினார். தொப்பி கழன்று விழுந்தது, பந்து உயரே போனது. பிட்ச் செய்வதை விட்டுவிட்டு வெறுமனே எறிகிறார் என்று ஸ்கல்லி உடனே கண்டு சொன்னார். கலைக்கும் பலத்துக்கும் நடுவிலுள்ள அந்த நூலிழையை நேரலையில் பிடிப்பதற்குத் தனிக் கண் வேண்டும். மணி 9:46, கூன் மட்டையைச் சுழற்றினார், பந்து கேட்சர் கையில். அதன்பின் அரை நிமிடத்துக்கும் மேல் ஸ்கல்லி வாய் திறக்கவில்லை, கூட்டத்தைப் பேசவிட்டார்.

ஐந்து நாள் கழித்து சிகாகோவில் இதே இரு பிட்சர்களும் மறுபடி மோதினார்கள். கப்ஸ் 2, டாட்ஜர்ஸ் 1. வென்றவர் ஹெண்ட்லி.