கார்பரேட்டருக்குக் குளியல் மட்டும் போதுமா?

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு இப்போது சீக்கிரமே அல்ட்ராசோனிக் கிளீனிங்குக்கு வந்துவிடுகிறது. வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டி. கிண்ணத்திலிருந்த பெட்ரோல் வற்றிப் பிசினாகி, ஜெட்டெல்லாம் அடைத்துக் கிடக்கிறது. கிக்கரை உதைத்துக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். கார்பரேட்டரைக் கழற்றி அந்த மெஷினில் போட்டு எடுத்தால் புதுசாகிவிடும் என்கிறார்கள் அதன் பக்தர்கள். புதுசு போலத் தெரியும் என்பது வரை சரி.

மெஷினுக்குரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் சூடான சோப்புக் கரைசலுக்குள் நுண்குமிழ்கள் தோன்றி உடைகின்றன. பிரஷ் நுழையாத இடத்துப் பிசினையும் உரித்தெடுக்கின்றன. கேபிள் கம்பியில் ஓர் இழையைப் பிரித்து ஜெட்டைக் குத்தும் பட்டறை வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. பித்தளை மெத்தென்ற உலோகம். எஃகு இழை அதை ஒருமுறை கீறி அகலமாக்கிவிட்டால் பெட்ரோல் அளவே மாறிப்போகும்.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அழுக்கு வேறு, தேய்மானம் வேறு. வண்டியோட்டிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: ஐடிலிங் நிற்காது, சிக்னலில் ஆஃப் ஆகும், கைப்பிடியைத் திருகினால் திணறும். குளியல் தீர்ப்பது முதலாவதை மட்டும்.

பிரிட்டனில் 1967-இல் அறிமுகமான அமால் கான்சென்ட்ரிக் இதற்கு நல்ல சாட்சி. டிரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன் வண்டிகளில் வந்த இந்தக் கார்பரேட்டரில் உடலும் ஸ்லைடும் துத்தநாகக் கலவை உலோகம். ஒன்றையொன்று உரசி இரண்டும் தேயும். இடைவெளி வழியே காற்று புகும். போதாததற்கு, பின்னாளில் வந்தவற்றில் பைலட் ஜெட்டை உடலுக்குள்ளேயே அழுத்திப் பொருத்திவிட்டார்கள். அதைக் கழற்ற முடியாது, கண்ணாலும் பார்க்க முடியாது. விவரம் தெரிந்தவர்கள் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியே 78-ஆம் எண் டிரில் பிட்டை விடுவார்கள். அதன் குறுக்களவு 0.016 அங்குலம், அதாவது 0.4 மில்லிமீட்டர். மோட்டாரில் மாட்டுவதில்லை, விரலால் மெல்ல உருட்டுவதுதான். நுனி தடைபட்டு நின்றால் உள்ளே பிசின் இருக்கிறது, தடையில்லாமல் போய்வந்தால் வழி திறந்திருக்கிறது. இந்த அடைப்பு பலமுறை அல்ட்ராசோனிக் தொட்டிக்கும் அசைவதில்லை. முட்டுச்சந்து போன்ற துளைக்குள் காற்று சிக்கிக்கொண்டால் கரைசல் அங்கே போய்ச் சேராது; கரைசல் இல்லாத இடத்தில் குமிழும் இல்லை.

ஆர்எக்ஸ் 100-இன் மிக்குனி கார்பரேட்டரில் பைலட் ஜெட்டைக் கழற்றிவிடலாம், அந்த மட்டில் நிம்மதி. ஆனால் அந்த வண்டியின் தயாரிப்பு 1996-இல் நின்றது. கடைசியாக வந்ததுகூட இன்று கால் நூற்றாண்டைத் தாண்டிய வண்டி. நீடில் உரசி உரசி நீடில் ஜெட்டின் வட்டத் துளை நீள்வட்டமாகியிருக்கும். பாதித் த்ராட்டிலில் பெட்ரோல் அதிகம் போய் பிளக் கருக்கும். ஃப்ளோட் ஊசியின் முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மெல்லிய வளையமாய் ஒரு பள்ளம் தெரியும். கார்பரேட்டர் நிரம்பி வழிய அது போதும். எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் தேய்ந்த பித்தளை திரும்ப வளராது.

பளபளவென்று வரும் உடலைப் பார்த்ததும் யாரும் இதையெல்லாம் சோதிப்பதில்லை. அழுக்காக இருந்தபோதாவது சந்தேகம் இருந்தது. மாட்டிய பிறகும் ஐடிலிங் நிற்காவிட்டால் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகி ஒப்பேற்றி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் பாத்திரம் கழுவத் தெரிந்தவர் யாரும் செய்துவிடக்கூடிய வேலைக்கு டியூனிங் என்று பெயர்! டேங்கின் அடியில் இருக்கும் துருவையும், பெட்ரோல் காக்கின் சல்லடையையும் பார்க்காமல் விட்ட வண்டி அதே அடைப்போடு திரும்பி வருவதில் ஆச்சரியம் என்ன?

கார்பரேட்டரைக் கொடுக்கும்போதே கேளுங்கள்: ஸ்லைடை உள்ளே விட்டு ஆட்டிப் பார்த்தீர்களா, ஃப்ளோட் உயரத்தை அளந்தீர்களா, நீடில் ஜெட் என்ன நிலையில் இருக்கிறது? பதில் வராவிட்டால் வேறு பட்டறையைப் பாருங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்திப் பெட்ரோலை இறக்கிவிடுங்கள். அதற்கு மெஷினும் வேண்டாம், காசும் வேண்டாம்.