'ஒன்றும் நடக்கவில்லை': ஸ்கினமரிங்க் திரைப்படமும் பார்வையாளர் மறுப்பும்

திகில் படம் ஒன்றைப் பார்த்தவர் 'எனக்கு அச்சமே தோன்றவில்லை' என்று கூறுவாரானால், அக்கூற்றை மறுப்பது எளிதன்று. கதைக்கோப்பு, நடிப்பு, ஒளிப்பதிவு ஆகியன பற்றிய கருத்துகளைச் சான்று காட்டி மாற்ற இயலும். தோன்றாத அச்சத்தைச் சான்று காட்டித் தோற்றுவிக்க இயலாது. இதனாலேயே திறனாய்வாளர் பலர் இத்தகைய மறுப்பைப் பொறுமையின்மை என்றோ பயிற்சிக் குறைவு என்றோ கொண்டு கடந்துவிடுகின்றனர். கனடா நாட்டுத் திரைப்படமான ஸ்கினமரிங்க் பெற்ற எதிர்வினைகளை நோக்குமிடத்து, அவ்வாறு கடந்துசெல்வது பிழை என்பது புலனாகிறது. இப்படத்தை மறுத்தோர் அதன் அமைப்பைச் சரியாகவே விளக்கியுள்ளனர். அந்த அமைப்பு தம்மிடம் எதிர்பார்த்த ஒன்றைத் தர மட்டும் அவர்களால் இயலவில்லை.

கைல் எட்வர்ட் பால் என்பவரின் முதல் முழுநீளப் படம் இது. அல்பர்ட்டா மாகாணத்தின் எட்மன்டன் நகரில், இயக்குநர் வளர்ந்த வீட்டிலேயே, ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் எடுக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டின் ஓர் இரவில் கெவின் என்னும் நான்கு வயதுச் சிறுவனும் அவன் அக்காள் கெய்லியும் கண்விழிக்கின்றனர். தந்தையைக் காணவில்லை. கதவுகளும் சன்னல்களும் ஒவ்வொன்றாக மறைகின்றன. இருளிலிருந்து ஒரு குரல் அவர்களுக்கு ஆணையிடத் தொடங்குகிறது. கதை என்று சொல்லத்தக்கது இவ்வளவே. நூறு நிமிடங்கள் ஓடும் படத்தில் முகங்கள் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. கூரையின் மூலை, கம்பளத்தில் சிதறிய விளையாட்டுப் பொருள்கள், தொலைக்காட்சியின் நீல ஒளி, குழந்தைகளின் பாதங்கள் ஆகியவையே காட்சிகள். பழைய படச்சுருளுக்குரிய புள்ளிகள் திரை முழுவதும் அசைந்துகொண்டேயிருக்க, அவற்றினூடே ஏதோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் தோன்றுகிறது.

தொழில்முறை விமர்சகர்களுள் பெரும்பான்மையோர் இப்படத்தை ஆதரித்தனர். பொதுப்பார்வையாளரின் மதிப்பீடு வெகுவாகத் தாழ்ந்திருந்தது. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. இரு சாராரும் படத்தைப் பற்றிக் கூறும் செய்திகள் ஒன்றே. 'சுவரையும் கூரையையும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்', 'ஒன்றும் நடக்கவில்லை', 'யார் பேசுகிறார் என்பதே தெரியவில்லை' என்பன குறைகூறுவோர் கருத்துகளின் சாரம். புகழ்வோரும் இவற்றையே புகழ்கின்றனர். ஒரே விவரணை ஒருவருக்குப் புகழாகவும் மற்றவருக்குப் பழியாகவும் அமைவது இலக்கியத் திறனாய்விலும் அரிதாகவே காணப்படும் நிலையாகும்.

இந்நிலையை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அதற்குப் பேராசிரியர் கண்ட உரையும் துணைசெய்கின்றன. திரைப்படத்தை மனத்திற்கொண்டு எழுந்த நூல் அதுவன்று என்பது வெளிப்படை. ஆயினும் காண்பவனிடத்து உணர்வு எவ்வாறு பிறக்கிறது என்னும் வினாவை அது நேராக எதிர்கொள்கிறது. சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, உள்ளத்தில் நிகழும் குறிப்பு, உடம்பில் தோன்றும் விறல் என நான்கு படிகளை உரையாசிரியர் பிரித்துக் காட்டுகிறார். புலியைக் கண்டு ஒருவன் நடுங்கினால் புலி சுவைக்கப்படும் பொருள், நடுக்கம் விறல். வழக்கமான பேய்ப்படம் புலியைக் கொணர்ந்து நிறுத்தி நடுக்கத்தை எதிர்பார்க்கிறது. ஸ்கினமரிங்க் முதற்படியையே வெற்றிடமாக விட்டுவிடுகிறது. பொறிக்கு இருளும் இரைச்சலும் கிடைக்கின்றன. அவற்றுக்குரிய பொருளைப் பார்வையாளர் தம் நினைவிலிருந்து எடுத்து வைக்கவேண்டியிருக்கிறது. 'ஒன்றும் நடக்கவில்லை' என்னும் மறுப்பு இவ்வெற்றிடத்தையே சுட்டுகிறது. அதனை அறியாமை எனல் பொருந்தாது.

அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனுள் பேய்ப்படங்கள் பெரும்பாலும் முதலாவதையே சார்ந்திருக்கும். பார்வையாளர் பலர் இப்படத்திலும் அணங்கையே தேடினர், கிடைக்காமையால் ஏமாற்றமுற்றனர். ஆனால் இப்படத்தில் மிகக் கூர்மையாக உணரப்படுவது நான்காவதாகும். இறை என்பதனை ஆணையிடும் உரிமையுடையோர் என விரித்துக்கொண்டால் பெற்றோரும் அதனுள் அடங்குவர். பெற்றோரின் படுக்கையறையில், கட்டிலின் விளிம்பில் அமர்ந்திருக்கும் தந்தை கட்டிலுக்கு அடியில் பார்க்குமாறு மகளிடம் சொல்லும் காட்சியைப் படத்தை வெறுத்தோரும் மறக்கவில்லை. அங்கு உருவம் எதுவும் பாய்ந்து வரவில்லை. கீழ்ப்படிந்தே பழகிய குழந்தை, கீழ்ப்படியத்தகாத ஆணைக்கும் கீழ்ப்படிகிறது, அவ்வளவே.

பார்வையாளர் தர வேண்டிய பொருள் யாது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு இயக்குநரின் முந்தைய பணியில் விடை உண்டு. பிறர் அனுப்பிய கொடுங்கனவுகளைக் குறும்படங்களாக்கி யூடியூபில் வெளியிட்டு வந்தவர் அவர். சிறுவயதில், வீட்டில் பெற்றோர் இல்லாத வேளையில், ஏதோ ஒன்று தன்னுடன் இருப்பதாகக் கண்ட கனவு பலரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வந்ததாக அவரே கூறியுள்ளார். ஆகவே இப்படம் பார்வையாளரிடமிருந்து பெற்ற அச்சத்தைப் பார்வையாளருக்கே திருப்பித் தருவதாகும். அக்கனவைக் கண்டவருக்கு ஒரு கூரைமூலை போதும். காணாதவருக்குக் கூரைமூலை கூரைமூலையாகவே இருக்கும். இக்கனவும் எல்லார்க்கும் பொதுவானதன்று என்பதை இங்குக் கருதவேண்டும். குழந்தைகள் தனியறையில் உறங்கும் வழக்கமும், மாடிப்படியும், கம்பளம் விரித்த நீண்ட நடையும் உள்ள வட அமெரிக்கத் தனிவீட்டின் கனவு இது. பாட்டியின் அருகில், ஒரே அறையில் ஐவரோடு உறங்கி வளர்ந்த ஒருவர் இதனை வெறுமையாகக் காண்பாராயின் அதில் வியப்பில்லை.

பார்க்கும் இடமும் கருத்தை மாற்றியது. 2022இல் விழாக்களில் காட்டப்பட்ட இப்படம், ஒரு விழாவின் இணையவழித் திரையிடலுக்குப் பின் முறையின்றிக் கசிந்தது. நள்ளிரவில், தனியறையில், காதணிக் கருவியுடன் பார்த்தோரின் வியப்பே டிக்டாக் வழியாகவும் ரெடிட் வழியாகவும் பரவிப் படத்துக்குப் புகழ் தேடித் தந்தது. 2023 சனவரி 13இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது அப்புகழை நம்பி நுழைந்தோர், நூறு பேர் நடுவே, தின்பண்ட ஒலிகளுக்கிடையே அதே இருளைப் பார்த்தனர். படம் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் ஈட்டியது. ஈட்டிய தொகைக்கும் எழுந்த மனக்குறைக்கும் காரணம் ஒன்றே.

1999இல் வெளியான பிளேர் விட்ச் புராஜெக்டுடன் இதனை ஒப்பிடுவது வழக்கம். அதிலும் சூனியக்காரி இறுதிவரை காட்டப்படவில்லை. திரையரங்கை விட்டு வெளிவருவோரிடம் கருத்துக் கேட்டுத் தரமிடும் சினிமாஸ்கோர் அமைப்பின் கணக்கெடுப்பில் அப்படம் 'சி பிளஸ்' தரமே பெற்றது. விமர்சகர்களோ அதனைக் கொண்டாடினர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மேரிலாந்துக் காட்டில் மூன்று மாணவர் காணாமற்போனமை உண்மை நிகழ்ச்சியே என நம்பச் செய்யும் இணையதளமும், தொலைக்காட்சியில் ஒளிபரப்பான போலி ஆவணப்படமும் படத்துக்கு முன்பே சூனியக்காரியின் வரலாற்றைப் பார்வையாளர் மனத்தில் ஊன்றியிருந்தன. திரையில் மறைத்த அணங்கை அவர்கள் திரைக்கு வெளியே வழங்கியிருந்தனர். ஸ்கினமரிங்கிற்கு அத்தகைய முன்கதை ஏதுமில்லை.

இவ்வின்மையை நிரப்பவே பார்வையாளர் தாமாக ஒரு கதையை உருவாக்கினர். படத்தின் தொடக்கத்தில் கெவின் படியில் விழுந்ததாகத் தந்தை தொலைபேசியில் கூறுகிறார். இதனைப் பற்றிக்கொண்டு, காண்பன யாவும் நினைவிழந்து கிடக்கும் சிறுவனின் மயக்கக் காட்சிகளே என்னும் விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. படத்தில் இதற்கு இடமுண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் இவ்விளக்கம் அறிவுக்கு அமைதி தந்து அச்சத்தைக் கலைத்துவிடுகிறது. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் சிறுவனுக்காக இரங்கலாம். கதவற்ற வீட்டில் அவனோடு நிற்கவேண்டியதில்லை. மெய்ப்பாட்டியலின் வழக்கில் கூறின், அச்சம் அழுகையாக மாற்றப்படுகிறது. படத்தை விரும்பியோரே இதனை மிகுதியும் செய்தனர் என்பது கவனிக்கத்தக்கது. வெற்றிடத்தோடு இருக்க இயலாமை மறுத்தோருக்கு மட்டும் உரியதன்று.

மறுப்பாளர் கூற்றுகளுள் முழுதும் ஏற்கத்தக்கவை இரண்டு. சில இடங்களில் நீண்ட அமைதிக்குப் பின் பேரிரைச்சலோடு ஓர் உருவம் திரையில் பாய்கிறது. பொருளைக் காட்டாமலே அச்சுறுத்த முனைந்த படம், அம்முறையை ஐயுற்றுப் புலியைக் கூண்டிலிருந்து திறந்துவிடும் இடங்கள் அவை. விளையாட்டுத் தொலைபேசி தன் கண்களை உருட்டும் அளவே அச்சத்துக்குப் போதுமாயிருந்தது.

மற்றது நீளம். இதே பொருளை, இதே முறையில், இயக்குநர் 2020இல் ஹெக் என்னும் குறும்படமாக அரை மணி நேரத்துக்கும் குறைவான அளவில் செய்து காட்டியிருந்தார். முழுநீளப் படத்தின் நடுப்பகுதியில் வரும் நடைபாதைக் காட்சிகளுள் பல, முன்பே பெற்ற உணர்வை மீண்டும் கேட்கின்றன. குழந்தைக்கு அவ்விரவு முடிவற்றது என உணர்த்தவே நீளம் தேவைப்பட்டது என ஆதரிப்போர் வாதிடுவர். ஆனால் பிற்பகுதியில் '572 நாட்கள்' என்னும் எழுத்து திரையில் தோன்றி மறைகிறது. அம்முடிவின்மையை அவ்வெழுத்து ஒரு நொடியில் உணர்த்திவிடுகிறது. அதற்கு முன் சென்ற ஒரு மணி நேரம் அதனைப் பாதியளவே உணர்த்தியிருந்தது.